டைம்ஸ் ஸ்கொயர் கிராதிக்கு அடியில் ஒரு சத்தம்: கட்டடத்தைக் காதால் அறிய முடியுமா?

2023 பிப்ரவரி 4 – இழையைத் தொடங்கிய வாசகர் கேட்டது

"ஒலி நிறுவல் என்று சொல்லி இப்போது எல்லா மியூசியத்திலும் ஸ்பீக்கர் வைக்கிறார்கள். போன மாதம் ஒன்றுக்குள் போனேன். காலி அறை, நாலு ஸ்பீக்கர், 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். பத்து நிமிஷம் நின்றேன். அந்தக் கட்டடத்தைப் பற்றி எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. கட்டடம் கண்ணால் பார்க்கிற சமாச்சாரம். சத்தம் அதற்குள் நடக்கிற வேறு சமாச்சாரம். இல்லை என்பவர்கள் விளக்குங்கள்."

2023 பிப்ரவரி 4, இரவு

நான் இல்லை என்கிற கட்சி.

நியூஜெர்சியில் வீடு, மன்ஹாட்டனில் வேலை. 2007இல் வந்ததிலிருந்து டைம்ஸ் ஸ்கொயர் வழியாகத்தான் ஆபீசுக்கு நடக்கிறேன். பிராட்வேயில் 45ஆம் தெருவுக்கும் 46ஆம் தெருவுக்கும் நடுவே முக்கோணமாக ஒரு திட்டு இருக்கிறது. அதில் தரையோடு தரையாக இரும்புக் கிராதி. சப்வேயின் காற்றோட்ட அறைக்கு மேல்மூடி அது. முதல் இரண்டு வருடம் தினமும் அதை மிதித்துக்கொண்டு போயிருக்கிறேன். அடியில் மாக்ஸ் நியூஹாஸ் என்ற ஒலிக் கலைஞர் வைத்த ஒலி ஓடிக்கொண்டிருப்பது தெரியவே தெரியாது. 1977இல் வைத்தது. பெயர்ப் பலகை கிடையாது, வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். 24 மணி நேரமும் ஓடும்.

ஒரு பிப்ரவரி ராத்திரி, நல்ல பனி. பனி விழுந்தால் ஊர்ச் சத்தம் அமுங்கிவிடும், இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு நண்பருக்காக அந்தத் திட்டில் நின்றுகொண்டிருந்தேன். கீழேயிருந்து ஏதோ எழும்பி வந்தது. பெரிய மணியை யாரோ அடித்து, அடித்த சத்தம் அடங்கி, அதன் ரீங்காரம் மட்டும் அடங்காமல் நின்றால் எப்படி இருக்கும், அப்படி. மெஷின் ஏதாவது கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். இரண்டு எட்டு தள்ளி நின்றால் மங்கிவிட்டது. திரும்ப வந்தால் இருந்தது.

உங்கள் கேள்விக்கு என் பதில் அந்த நிமிஷத்தில்தான் இருக்கிறது. அதுவரை அந்த இடம் எனக்கு ரோடு. அன்றைக்குத்தான் அது ஒரு கூரை என்று தெரிந்தது. என் ஷூவுக்கு அடியில் ஓர் அறை இருக்கிறது, அதற்கு ஆழம் இருக்கிறது, சுவர் இருக்கிறது, அது காலியாக இருக்கிறது. கண்ணுக்கு வெறும் கிராதியும் இருட்டும். அறை என்று சொன்னது காது.

2023 பிப்ரவரி 5

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 1977இலிருந்து இன்றுவரை விடாமல் ஓடுவதுபோல எழுதிவிட்டேன். 1992இல் நியூஹாஸே நிறுத்திவிட்டார். பத்து வருடம் அந்த அறை சும்மா கிடந்தது. 2002இல் டியா கலை அறக்கட்டளை எடுத்து மறுபடி ஓட விட்டது. அவர் 2009இல் காலமானார்.

இன்னொன்று. அவர் அடிப்படையில் தாளவாத்தியக்காரர். மேடையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தவர். ஒரு ஸ்வரத்தைத் தயார் செய்து கொண்டுவந்து அங்கே ஒலிக்கவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அந்த அறை எந்தெந்தச் சுருதிக்குத் தானாக முழங்குகிறது என்று கேட்டு, அதற்குத் தகுந்தபடி ஒலியை அமைத்தார். அதே கருவியை வேறு குழிக்குள் இறக்கினால் இந்த ரீங்காரம் வராது.

2023 பிப்ரவரி 11

"காதுக்கு எப்படிச் சுவர் தெரியும், நீங்கள் வௌவாலா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கோபப்படாமல் பதில் சொல்கிறேன், ஏனென்றால் கேள்வி சரியானது.

எங்க அப்பா திருநெல்வேலியில் முப்பத்தைந்து வருடம் கட்டட மேஸ்திரி. செங்கல் லோடு வந்து இறங்கினால் முதலில் செய்வது, இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று மோதுவது. கணீரென்று கேட்டால் நன்றாக வெந்த கல். மொத்து மொத்தென்று கேட்டால் லோடு திரும்பிப் போகும். பூச்சு காய்ந்ததும் கரணைப் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடப்பார். ஒரே மாதிரி கெட்டியாக ஒலித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் பொக்கென்று கேட்டால் சாக்பீஸால் வட்டம் போடுவார். அந்த இடத்தில் பூச்சு கல்லைப் பிடிக்கவில்லை, நடுவில் காற்று இருக்கிறது. கண்ணுக்கு அந்த வட்டத்துக்கு உள்ளும் வெளியும் ஒரே சுவர்தான். டைல்ஸ் போடுபவர்கள் இன்றைக்கும் இதைத்தான் செய்கிறார்கள்.

அம்மா மண்பானை வாங்குவதும் தட்டித்தான். நம்மில் யாருக்கும் இது புதிது இல்லை. செங்கல்லுக்கும் பானைக்கும் செய்வதை ஒரு மண்டபத்துக்குச் செய்ய முடியுமா என்பதுதான் விஷயம்.

முடியும். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் குளியலறையில் ஒரு தடவை கை தட்டுங்கள். அப்புறம் பீரோ திறந்திருக்கிற படுக்கையறையில். அப்புறம் அபார்ட்மென்ட் மாடிப்படியில். எந்த இடம் எது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. சுவரில் பட்டுத் திரும்புவதற்கு ஆகும் நேரத்தை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பெரிசு, சின்னது, கல், துணி என்று நேராக உணர்ந்துவிடுகிறோம்.

2023 பிப்ரவரி 12

நேற்றே எழுத நினைத்து விட்டுப்போனது. நான் இதில் இவ்வளவு தீவிரமாகப் பேசக் காரணம் கலை மட்டும் கிடையாது.

போன மாதம் எங்கள் ஊர்த் தமிழர்கள் பொங்கல் விழா வைத்தோம். வாடகைக்குக் கிடைத்தது ஒரு பள்ளிக்கூட ஜிம். மரத்தரை, பெயின்ட் அடித்த கான்கிரீட் கல் சுவர், இரும்புக் கூரை. மைக் என் பொறுப்பு. ஒரு பாட்டியம்மா எண்பது வயதில் தான் எழுதிய கவிதையை வாசித்தார். மூன்றாவது வரிசைக்கு மேல் ஒரு சொல் போகவில்லை. "சவுண்டைக் கூட்டுங்க" என்று பின்னாலிருந்து குரல். கூட்டினேன். இன்னும் மோசமானது. முதல் சொல்லின் வால் அடங்குவதற்குள் இரண்டாம் சொல் வந்து அதன்மேல் ஏறிக்கொண்டது. அவர் வாசித்து முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் யாரும் கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது, முகத்தில் இருந்தது. அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

ஹார்வர்டில் 1895இல் வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியலாளரிடம் வந்தது இதே தொல்லைதான். ஃபாக் கலை அருங்காட்சியகத்தின் விரிவுரை அறையில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் அடங்க ஐந்தரை வினாடி. அதற்குள் பேச்சாளர் ஒரு வாக்கியமே சொல்லிவிடுவார். பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து, ஊர் அடங்கிய பிறகு ராத்திரியில் பரப்பி, ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, சத்தம் எப்போது சாகிறது என்று கடிகாரத்தோடு உட்கார்ந்து அளந்தார். மெத்தை ஏற ஏற நேரம் குறைந்தது. அறையின் கன அளவு கூடினால் முழக்கம் நீளும், ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும். இந்தக் கணக்கை வைத்துத்தான் 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹாலுக்கு ஆலோசனை சொன்னார்.

அந்த அறையைக் கண்ணால் பார்த்தவர் யாருக்கும் அதில் குறை தெரிந்திருக்காது. அதன் பிழை முழுக்க முழுக்கக் காதுக்குள் இருந்தது.

2023 மார்ச் 19

இழை தூங்கிவிட்டது. நேற்று மன்ஹாட்டனில் சர்ச் ஸ்ட்ரீட் 275ஆம் எண் வீட்டு மாடிக்குப் போயிருந்தேன். இசையமைப்பாளர் லா மான்ட் யங்கும் ஒளிக் கலைஞர் மரியன் ஜஸீலாவும் சேர்ந்து அமைத்த ட்ரீம் ஹவுஸ் என்ற ஒலி-ஒளி நிறுவல், 1993இலிருந்து அங்கே இருக்கிறது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏற வேண்டும். கத்தரிப்பூ நிறத்தில் வெளிச்சம், மெத்தென்ற தரைவிரிப்பு, உடம்பில் வந்து மோதுகிற அளவுக்குப் பலமான சுருதிகள்.

கேள்வி கேட்டவர் போன இடம் இந்த மாதிரி ஒன்றாகத்தான் இருக்கும். அவர் ஓரிடத்தில் அசையாமல் நின்றிருப்பார் என்று சந்தேகப்படுகிறேன். அங்கே அசையாமல் நின்றால் ஒரே இரைச்சல். தலையை நாலு விரற்கடை இடப்பக்கம் சாய்த்தேன், உச்சஸ்தாயியில் ஒன்று காணாமல் போய் வேறொன்று வந்தது. நிமிர்ந்தேன், பழையது வந்தது. உட்கார்ந்தால் அடியில் ஒரு கனமான ஸ்வரம், எழுந்தால் இல்லை. ஸ்பீக்கரிலிருந்து வருவது மாறுவதே இல்லை. சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் புதிதாகப் போகும் அலையும் கலந்து, அறைக்குள் சில இடங்களில் மேடும் சில இடங்களில் பள்ளமுமாக ஒலி உறைந்து நிற்கிறது. நாம் அதற்குள் நடக்கிறோம். அரை மணி நேரம் கழித்து, கண்ணை மூடிக்கொண்டே சுவர் எவ்வளவு தூரம் என்று சொல்ல முடிந்தது. சுவரை நெருங்கினால் அடிச்சுருதி வீங்கும்.

வெளியே வந்து படி இறங்கும்போது மாடிப்படியே வேறு மாதிரி கேட்டது. அது ஒரு பத்து நிமிஷம் இருந்தது.

2023 ஏப்ரல் 16

சித்திரை விழா அதே ஜிம்மில். இந்தத் தடவை வீடு வீடாகப் போய் ஜமக்காளம், ரஜாய் எல்லாம் வாங்கி, பின்சுவரில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். பிள்ளைகள் உட்கார முன்பக்கம் பவானி ஜமக்காளம் ஆறு. பேச்சு புரிந்தது! முழுசாக இல்லை. ச, ஸ, த எல்லாம் தெளிவாக வந்துவிட்டன. ஆனால் தவில் வாசித்ததும் கூரை பழையபடி உறுமியது. மெல்லிய துணிக்கு மேல்சுருதிதான் அடங்கும். அடிச்சுருதிக்கு அந்தத் தடிமன் பற்றாது. பிப்ரவரியில் துணி தொங்கவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நினைப்பில் எழுதினேன், அது பாதிதான் சரி.

பாட்டியம்மா வந்திருந்தார். அதே கவிதையை மறுபடி வாசிக்கச் சொன்னோம்.

2023 ஏப்ரல் 30

வீடு மாறினோம். பதினோரு வருடம் இருந்த வாடகை வீடு. சாமானெல்லாம் போன பிறகு சாவி கொடுக்க ஒருநாள் மிச்சம் இருந்தது. காலி ஹாலில் நின்று மனைவியைக் கூப்பிட்டேன், குரல் யார் வீட்டுக்குள்ளோ கேட்பதுபோல வந்தது. சோபா, புத்தகம், திரைச்சீலை இல்லாத அந்த ஹால் எனக்கு அந்நியம்.

ரொம்ப நாள் ஆசை ஒன்றை அன்றைக்குச் செய்தேன். இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் 1969இல் செய்தது. ஓர் அறையில் உட்கார்ந்து நாலு வாக்கியம் பேசிப் பதிவு செய்தார். அந்தப் பதிவை அதே அறையில் ஓடவிட்டு, அதை இன்னொரு டேப்பில் பதிந்தார். அதை ஓடவிட்டு மறுபடியும். ஒவ்வொரு முறையும் அறைக்குப் பிடித்த சுருதிகள் கொஞ்சம் பெருக்கும், பிடிக்காதவை கொஞ்சம் தேயும். கடைசியில் பேச்சு கரைந்து, அறை மட்டும் பாடும். அவருக்குத் திக்குவாய் உண்டு. அந்தத் தடுக்கலும் சேர்ந்து கரைந்துவிடுகிறது.

என்னிடம் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர், ஒரு கைப்பேசி, ஒரு லேப்டாப். "இந்த வீட்டுக்கு வரும்போது பாப்பாவுக்கு ஒரு வயது. இந்த ஜன்னலில் நின்றுதான் அவள் முதலில் பனியைப் பார்த்தாள். கதவுக்குப் பக்கத்தில் பென்சிலால் போட்ட உயரக்கோடுகளை நாளைக்குப் பெயின்ட் அடித்து மறைத்துவிடுவார்கள்." இதுதான் நான் பேசியது.

முதல் முயற்சி பாழ். நாலாவது சுற்றிலேயே பேச்சை அமுக்கிக்கொண்டு ஒரு 'ம்ம்ம்' ஏறிவிட்டது. சமையலறை ஃப்ரிட்ஜ்! அதன் உறுமலையும் சேர்த்துப் பதிந்துகொண்டே இருந்திருக்கிறேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

இரண்டாவது சுற்றில் வாளிக்குள் பேசுவதுபோல. ஐந்தாவதில் வல்லினம் போக ஆரம்பித்தது. 'பாப்பா'வில் ப் இல்லை, 'ஆ... ஆ' மட்டும். 'கதவு' அவிழ்ந்து 'அஅஉ' ஆகிவிட்டது. மெல்லினம் கொஞ்சம் தாக்குப் பிடித்தது, ம் கடைசிவரை போராடியது. ழ, ல, ள மூன்றும் ஏழாவது சுற்றில் ஒன்றாகிவிட்டன. மெய்யெல்லாம் உதிர்ந்து உயிர் மட்டும் நின்றது என்றுதான் சொல்ல வேண்டும், வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை. பத்தாவதில் சொல் எதுவும் இல்லை, ஆனால் நான் மூச்சு விட்ட இடங்கள் இருந்தன. பதினைந்தாவதில் மூன்று நாலு சுருதிகள், ஒன்றின் மேல் ஒன்று, ஆர்மோனியத்தில் கையை வைத்து எடுக்காமல் விட்டதுபோல.

அந்தச் சுருதிகள் அந்த ஹாலுடையவை. பதினோரு வருடமாக அவை அங்கே இருந்திருக்கின்றன, நாங்கள் பேசிய ஒவ்வொரு பேச்சையும் லேசாக அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு. ஹாலின் நீளம் 3.4 மீட்டர் (கார்பெட் வாங்கப் போனபோது எழுதி வைத்த சீட்டு இருக்கிறது). அந்த நீளத்துக்கு அடிச்சுருதி 50 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 அதிர்வு, வரும். அதுதான் கேட்டது.

2023 மே 2

மேலே கடைசி வரி தப்பு. ஒரு நண்பர் சுட்டிக்காட்டினார், அவர் சொல்வதுதான் சரி. உள்ளங்கை அளவு ப்ளூடூத் ஸ்பீக்கரால் 50 ஹெர்ட்ஸ் கொடுக்கவே முடியாது. கணக்குப் போட்டு வந்த எண்ணை, கேட்ட எண் என்று எழுதிவிட்டேன். மன்னிக்கவும்.

பதிவை லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். உண்மையில் பலமாக இருப்பவை 140க்குப் பக்கத்தில் ஒன்று, 151க்குப் பக்கத்தில் ஒன்று. 151 என்பது நீளத்தின் அடிச்சுருதிக்கு மூன்று மடங்கு, புரிகிறது. 140 எங்கிருந்து வந்தது என்று இரண்டு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கூரை! எட்டடிக் கூரை, 2.44 மீட்டர். அதன் அடிச்சுருதிக்கு இரண்டு மடங்கு கிட்டத்தட்ட 140. பதினைந்தாம் சுற்றில் ஒலி நடுங்குகிறது என்று குறித்து வைத்திருந்தேன். வினாடிக்குப் பத்துப் பதினோரு தடவை நடுக்கம். 151க்கும் 140க்கும் உள்ள வித்தியாசம் அதுதான். நீளமும் உயரமும் ஒன்றையொன்று உரசுகிற நடுக்கம்.

அந்தக் கூரைக்கு நானே இரண்டு தடவை பெயின்ட் அடித்திருக்கிறேன். அது எட்டடியா ஒன்பதடியா என்று அதுவரை யோசித்ததே இல்லை.

2023 மே 21

சிலர் கேட்டதற்குச் சுருக்கமாக.

நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்கள் இந்த வகையா? சின்ன வயதில் தட்டியிருக்கிறேன், பித்துப் பிடித்ததுபோல ஒவ்வொன்றாகத் தட்டியிருக்கிறேன். ஆனால் அது வேறு வகை. அங்கே ஒலிப்பது கல், மண்டபத்தின் வெளி அல்ல. தூண் ஒரு வாத்தியம். தட்டித் தட்டி இத்தனை நூற்றாண்டில் தேய்மானம் வேறு. ஹம்பி விட்டலர் கோயிலில் இப்போது தட்டத் தடை.

கோல் கும்பஸ்? அது இந்த வகைதான். 1656இல் முடிந்த பீஜப்பூர்க் குவிமாடக் கல்லறை, உள்மாடத்தில் சுவரோரம் முணுமுணுத்தால் எதிர்ப்பக்கம் கேட்கும். "இதை முதலில் விளக்கியவர் சர் சி.வி. ராமன்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதலில் சரியாக விளக்கியவர் இயற்பியலாளர் ரேலே பிரபு, லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தை வைத்து. முணுமுணுப்பு வளைந்த சுவரை ஒட்டியே ஊர்ந்து போகிறது என்றார். ராமன் 1921இல் லண்டன் போனபோது அதே மாடத்தில் நின்று சோதித்து, சுவரிலிருந்து விலகும்போது ஒலி ஒரே சீராகக் குறையாமல் கூடியும் குறைந்தும் வருவதைக் கண்டார். திரும்பி வந்து கோல் கும்பஸையும் ஆராய்ந்தார். முதலாமவர் இல்லை என்பதால் அவர் பெருமை குறைந்துவிடாது. எல்லோரும் வேடிக்கை பார்த்த இடத்தில் அவர் காதை வைத்து அளந்தார்.

2023 ஜூலை 9

அப்பா வந்திருக்கிறார். எழுபத்தாறு வயது. ஒன்றும் சொல்லாமல் டைம்ஸ் ஸ்கொயர் கூட்டிப்போய் அந்தக் கிராதிமேல் நிறுத்தினேன். சனிக்கிழமை சாயங்காலம், தள்ளுமுள்ளு, நாலு பக்கமும் விளம்பரத்திரை. 2009இல் பிராட்வேயின் அந்தப் பகுதியில் கார் ஓட்டத்தை நிறுத்தியதிலிருந்து எஞ்சின் சத்தம் குறைந்து மனிதச் சத்தம் கூடிவிட்டது. நியூஹாஸ் வைத்த காலத்து டைம்ஸ் ஸ்கொயர் இது இல்லை. கேட்காது என்றுதான் நினைத்தேன்.

அப்பா ஒரு நிமிஷம் திரைகளைப் பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்தார்.

"ஏல, கீழ என்ன மணி அடிச்சு ஓயுத மாதிரி கேக்கு?"

கேட்கிறதா என்றேன். "கேக்காம? கீழ பொள்ளலால்லா இருக்கு" என்று செருப்புக்காலால் கிராதியை இரண்டு தட்டுத் தட்டினார். அப்புறம் கிராதியின் ஓரத்துக்குப் போய் அங்கே தட்டினார், சிமென்ட் தரையில் தட்டினார், திரும்பி வந்தார். அறை எதுவரைக்கும் போகிறது என்று விளிம்பு கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஆயிரம் பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் ஒருவர் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டு நடந்தார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இரண்டு வருடம் நான் கேட்காததை அவர் ஒரு நிமிஷத்தில் கேட்டார்.

2023 ஜூலை 16

போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, இழையைத் தொடங்கியவர் நல்ல கேள்வி ஒன்று கேட்டிருக்கிறார். "உங்கள் அப்பா அங்கே கேட்டது நியூஹாஸ் வைத்த ஒலியையா, அறையையா? ஒலியே இல்லாமல் தட்டியே கண்டுபிடித்திருப்பாரே?"

தட்டியிருக்க மாட்டார். அதுதான் என் பதில். அந்த ரீங்காரம் இல்லாவிட்டால் அவருக்குக் குனியவே தோன்றியிருக்காது.

ஆனால் ஒரு வாரமாக இதை யோசித்து, பிப்ரவரியில் நான் சொன்னது கொஞ்சம் அதிகம் என்று படுகிறது. எல்லா ஒலி நிறுவலும் கட்டடத்தைக் காட்டுவதில்லை. சில மூடுகின்றன. மூடுவதிலும் நல்லது உண்டு. ஒலிக் கலைஞர் பில் ஃபொன்டானா 1994இல் பாரிஸ் ஆர்க் த ட்ரியோம்ஃப் வளைவின் முகப்பில் ஸ்பீக்கர்களை மறைத்து வைத்து, நார்மண்டிக் கடற்கரையின் அலையோசையை அங்கே ஒலிக்கவிட்டார். இரண்டாம் உலகப் போரில் நேசநாட்டுப் படைகள் அந்தக் கடற்கரையில் இறங்கி ஐம்பது வருடம் ஆனதை ஒட்டி. சுற்றிலும் ஓடும் கார் இரைச்சலை அலையோசை விழுங்கிவிட்டது. கார்கள் ஓசையில்லாமல் சுற்ற, நடுவில் அந்தக் கல்வளைவு தீவாக நின்றது. அங்கே காது சொன்னது அளவையும் பொருளையும் இல்லை, அந்த வளைவு எதற்காக நிற்கிறது என்பதை.

இசைக்கலைஞர் டேவிட் பர்ன் செய்தது இதற்கு நேர் எதிர். 2008 கோடையில் மன்ஹாட்டன் தென்முனையில், 1909இல் முடிந்த பழைய படகுத்துறைக் கட்டடத்தில். ஸ்பீக்கர் ஒன்றுகூட இல்லை. ஒரு பழைய ஆர்கனின் கட்டைகளிலிருந்து குழல்களும் வயர்களும் கிளம்பி உத்தரத்துக்கும் தூணுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் ஓடும். கட்டையை அழுத்தினால் ஒரு தூணைச் சுத்தியல் தட்டும், அல்லது ஒரு குழாய்க்குள் காற்று புகுந்து ஊளையிடும், அல்லது மோட்டார் ஒன்று இரும்பு உத்தரத்தை அதிரவைக்கும். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து வாசிக்கலாம். எனக்கு முன்னால் ஒரு சின்னப் பையன் ஒரே கட்டையை இருபது தடவை அழுத்தி, மூலையில் எந்தத் தூண் பதில் சொல்கிறது என்று தேடிக்கொண்டிருந்தான். அப்பா அன்றைக்கு இருந்திருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து தேடியிருப்பார்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று. 2013இல் மன்ஹாட்டனின் க்ளாய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில் ஒலிக் கலைஞர் ஜேனட் கார்டிஃப் வைத்த நாற்பது ஸ்பீக்கர்கள். ஆங்கில இசையமைப்பாளர் டாலிஸ் பதினாறாம் நூற்றாண்டில் நாற்பது குரலுக்கு எழுதிய பாட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரே ஒரு குரல், ஆள் உயரத்தில். வைத்த இடம் ஃபுவென்டிடுவேன்யா சாப்பல். அதன் அரைவட்டக் கருவறை ஸ்பெயினில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்டியது, கல் கல்லாகப் பிரித்துக் கப்பலில் கொண்டுவந்து இங்கே அடுக்கியது. பாட்டு முடிந்ததும் மூன்று நிமிஷம் இடைவெளி. பாடகர்கள் தொண்டையைச் செருமுவது, ஏதோ கிசுகிசுப்பது எல்லாம் அப்படியே வரும். அப்போதுதான் எனக்கு உறைத்தது: ஒவ்வொரு வாய்க்கும் பக்கத்தில் மைக் வைத்துப் பிடித்த குரல்கள் இவை. இவற்றுக்குப் பின்னால் கேட்கிற கல்லின் முழக்கம் இந்தச் சாப்பல் இப்போது கொடுப்பது. ஒரு பையனின் இருமல் ஸ்பீக்கரிலிருந்து புறப்பட்டு அந்த ஸ்பானியக் கல்லில் பட்டுத் திரும்பியது. பாட்டைவிட அந்த இருமலில்தான் கட்டடம் தெரிந்தது.

2023 ஆகஸ்ட் 13

அப்பாவை நியூயார்க்குக்கு வடக்கே உள்ள பீக்கன் ஊருக்குக் கூட்டிப்போனோம், டியா அறக்கட்டளையின் அருங்காட்சியகம் பார்க்க. ரயில் கிராண்ட் சென்ட்ரலிலிருந்து. அங்கே கீழ்த்தளத்தில் ஆய்ஸ்டர் பார் உணவகத்துக்கு வெளியே வளைந்த ஓட்டுக்கூரை, நாலு மூலை. அப்பாவை ஒரு மூலையில் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லிவிட்டு எதிர்மூலையில் பேத்தி "தாத்தா, டீ வேணுமா" என்று கிசுகிசுத்தாள். "வேணும்" என்று சுவருக்குப் பதில் சொன்னார். பிறகு கூரை ஓட்டைப் பத்து நிமிஷம் அண்ணாந்து பார்த்து, சாரம் இல்லாமல் எப்படி இந்த வளைவைக் கட்டினார்கள் என்றே கேட்டுக்கொண்டிருந்தார். குவாஸ்டவினோ முறை, மெல்லிய ஓடுகளை அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டே போவது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

டியா பீக்கன் பழைய பிஸ்கட் கம்பெனியின் அட்டைப்பெட்டி அச்சகம், 1929இல் கட்டியது. அங்கே வெளியே நியூஹாஸின் இன்னொரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு மணிக்கும் சற்று முன்னால் ஓர் ஒலி மெல்ல மெல்ல ஏறும், ஏறுவதே தெரியாது. மணி ஆனதும் சட்டென்று நின்றுவிடும். நின்ற பிறகுதான் இவ்வளவு நேரம் ஒன்று இருந்தது என்று தெரியும். தோட்டத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நின்றது. அந்த அமைதியில் ரயில், பறவை, அச்சகத்தின் நீளமான செங்கல் சுவரில் பட்டு வந்த யாரோ ஒருவரின் செருப்புச் சத்தம் எல்லாம் தனித்தனியாக எழுந்து வந்தன. அப்பா என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மகள் மட்டும் "என்ன ஆச்சு?" என்றாள்.

இது எனக்குப் பிடித்த அளவுக்கு டைம்ஸ் ஸ்கொயர்கூடப் பிடிக்கவில்லையோ என்று ரயிலில் திரும்பும்போது நினைத்தேன். காலையில் எழுந்தால் மாறியிருக்கும்.

2023 ஆகஸ்ட் 14

மாறிவிட்டது. டைம்ஸ் ஸ்கொயர்தான்.

2023 செப்டம்பர் 24

இழையைத் தொடங்கியவர் போன வாரம் நியூயார்க் வந்து, கிராதிமேல் இருபது நிமிஷம் நின்று, ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறார். போட்டோவும் போட்டிருக்கிறார். நன்றி, போட்டோ போட்டது நல்லதாயிற்று. உங்களுக்குப் பின்னால் தெரிகிற தெருப்பலகையைப் பாருங்கள், 44. நீங்கள் நின்றது வேறு கிராதி. அங்கே வெறும் சப்வே காற்றுதான் வரும். இன்னும் ஒன்றரை பிளாக் வடக்கே நடங்கள், 46ஆம் தெருவுக்கு முந்தின திட்டின் வடமுனை. காலையில் ஆறு மணிக்கு முன்னால் போங்கள், குப்பை லாரி வருவதற்குள். வெள்ளிக்கிழமைவரை ஊரில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சொன்னால் நானும் வருகிறேன், அப்பாவும் வருவார்.